ஊர்திக் குளிரமைப்பில் கசிவறிதல்

குளிரூட்டல் என்பது குளிரை உண்டாக்குதல் அன்று. ஓரிடத்து வெப்பத்தைப் பெயர்த்து வேறோரிடத்தில் இறக்கி வைத்தலே அது. நீர்மம் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்தவற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அவ்வாவி மீண்டும் நீர்மமாக ஒடுங்கும்போது எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். கரடியனாற்று வீட்டுத் திண்ணையிலிருக்கும் மட்பானையும், செங்கலடியிலிருந்து பதுளை நோக்கி அவ்வூரைக் கடந்து விரையும் ஊர்தியின் குளிரமைப்பும் இந்நெறி ஒன்றையே சார்ந்தவை. ஆயினும் பானை பொசிவதனால் குளிர்கிறது. ஊர்தியின் அமைப்போ பொசியாதிருப்பதனால் குளிர்கிறது. பானையில் குறைந்த நீரைக் கிணற்றில் முகந்து நிரப்பிவிடலாம்; ஊர்தியில் குறைந்ததை அவ்வளவு எளிதாக எண்ணிவிடலாகாது.

குறைவது யாது? மூடிய குழாய்ச் சுற்றினுள் ஆவியாகவும் நீர்மமாகவும் மாறி மாறி ஓடும் அப்பொருளைக் குளிர்மி என்கிறேன். கராச்சுகளில் அதற்குக் 'காஸ்' என்று பெயர். அடுப்பில் எரிவதற்கும் அதே பெயர் இருக்கையில், எரிவதையும் குளிர்விப்பதையும் ஒரு சொல்லால் சுட்டுவது மயக்கத்துக்கே வழி. காரைதீவில் 1892இல் பிறந்து, அறிவியலில் பட்டம் பெற்று, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் கீழ்க்கரையில் ஒரு சொல் படைக்க நாம் கூசவேண்டியதில்லை. குளிர்மியை அழுத்துவது அமுக்கி. அதன் வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாக்குவது ஒடுக்கி. அமுக்கத்தைத் தளர்த்துவது விரிவு வாயில். பயணியர்முன் இருந்து வெப்பத்தை வாங்குவது ஆவியாக்கி. இன்று ஓடும் சிற்றூர்திகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பது 134ஏ என்னும் குளிர்மி. அதன் அளவு பொதுவாக அரைக் கிலோகிராமை ஒட்டியதே. எனினும் அது எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைப்போல் ஏறத்தாழ 1400 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் 'காஸ் அடித்து' அனுப்பும் வழக்கத்தை, ஓட்டைப் படகில் நீர் இறைப்பதோடும் ஒப்பிட மாட்டேன். படகோட்டி ஓட்டை இருப்பதையாவது அறிவான்.

வெளியேற்றத்தை மூவகையாகப் பகுக்கலாம். பகுப்பதற்கு வேண்டிய சொற்களைத் தமிழ் முன்னரே வைத்திருக்கிறது. இறப்பர்க் குழாயின் சுவரினூடே மிக நுண்ணிதாகச் செல்வது பொசிவு. அது எந்த ஊர்திக்கும் ஓரளவு இயல்பு. மூட்டுகளின் முத்திரை வளையங்களிலும் அமுக்கியின் சுழல்தண்டு வாயிலும் நாள்பட வெளிவருவது கசிவு. கல் பட்டோ உப்புக் காற்றில் அரித்தோ ஒடுக்கியின் குழாய் திறந்துகொண்டால் அது ஒழுக்கு. முதலாவதைப் பொறுக்கலாம், மூன்றாவது தானே வெளிப்படும், தேடற்கரியது நடுவிலுள்ளதே. அதற்கும் ஒரு தடயம் உண்டு. அமுக்கியின் எண்ணெய் குளிர்மியோடு சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் படிந்து அதன்மேல் புழுதி ஒட்டும். கருவியைத் தொடுமுன் கண்ணால் பார்த்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

தேடும் முறை ஒவ்வொன்றும் குளிர்மியின் ஓர் இயல்பை வினவுவதாகும். எடையை வினவுவோம்: 134ஏ ஆவி வளியைப்போல் மூன்றரை மடங்கு கனமானது, ஆதலின் மோப்பக் கருவியின் நுனி மூட்டுக்கு மேலே அன்று, கீழே மெல்ல நகரவேண்டும். அமுக்கத்தை வினவுவோம்: 30 பாகை வெப்பநிலையில், பொறி ஓய்ந்திருக்கும்போது, உள்ளமுக்கம் வெளிவளியின் அமுக்கத்தைப்போல் ஏழரை மடங்களவில் நிற்கும், பொறி ஓடுகையில் தாழமுக்கப் பகுதியில் அதிற் பாதிக்கும் கீழே இறங்கும். எனவே ஆவியாக்கியின் பக்கத்தைப் பொறி ஓய்ந்தபின் சோதிப்பதே முறை. கால் மணி நேரம் விட்டு, அதன் நீர் வடியும் குழாயின் வாயில் மோப்பம் பிடித்தால் உள்ளிருப்பது தெரியும். ஆயினும் கச்சான் வீசும் திங்கள்களில், உச்சிப்பொழுதில், திறந்த வெளியில் எக்கருவியும் தோற்கும். விடியலில், காற்று எழுமுன் தேடுக.

ஒலியையும் வினவலாம். நுண்துளையினூடே பீறும் ஆவி எழுப்பும் சீழ்க்கையில் ஒரு பகுதி நம் செவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது, அது கழியொலி. கருவியொன்று அதைக் கேட்கும் ஒலியாகத் தாழ்த்தித் தரும். மட்டக்களப்பில் இது புதுமையன்று: கல்லடிப் பாலத்தருகே நிலவிரவில் துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியில் ஒற்றிப் பாடும் மீனைக் கேட்டவர்கள், கேளாததைக் கேட்கச் செய்யும் இடைப்பொருளின் பயனை நெடுநாளாக அறிவார்கள். எல்லை கடந்ததைக் குறிக்கும் 'கழி' என்னும் சொல்லே உப்பு நீர்ப்பரப்புக்கும் பழம்பெயராக இருப்பது, வாவி என்றே சொல்லிப் பழகிய நமக்கு மறந்துபோயிற்று.

ஒளியை வினவுவோர் எண்ணெயில் சாயம் கலந்து, கழியூதா விளக்கில் அதன் பச்சை ஒளிர்வைத் தேடுவர். ஹைபிரிட் எனப்படும் இருமை ஊர்திகளில் மட்டும் கைந்நிறுத்தல் வேண்டும்: அவற்றின் மின்னமுக்கியில் மின்சுருள் எண்ணெயில் தோய்ந்திருக்கும், பொருந்தா எண்ணெயோடு வந்த சாயம் மின்காப்பைக் கெடுக்கும். குளிர்மி முற்றும் போன சுற்றுக்கு உலர்ந்த நைதரசனை ஏற்றிச் சவர்க்கார நுரை பூசுவதே எளிது. கராச்சின் அமுக்கிய வளியை ஏற்றுதல் தீது, ஏனெனில் உயரமுக்கத்தில் வளியோடு கலந்த 134ஏ எரியக்கூடும். வெற்றிடச் சோதனை கசிவு உண்டா என்பதைச் சொல்லும், எங்கே என்பதைச் சொல்லாது. செம்பின் மேல் சுடர் பச்சையாவதைக் கண்ட பழைய விளக்கோ குளோரீன் உள்ள குளிர்மிக்கே உரியது. 1987இன் மொன்றியல் உடன்பாட்டுக்குப் பின் அக்குளிர்மி ஒதுங்க, விளக்கும் ஒதுங்கிற்று.

பழுது நீக்கியபின் பழைய சாயத்தைத் துடைத்தெடுக்காவிடில், ஆறிய புண்ணே அடுத்த முறை கசிவாக ஒளிரும். குளிர்மி ஏற்றும் வாயிலின் மூடியையும் மறவாமல் திருகுதல் வேண்டும்; தூசு தடுப்பதற்கென்று பலர் எண்ணித் தொலைத்துவிடும் அச்சிறு மூடி, உள்ளிருக்கும் ஊசியிதழ் தளர்ந்தால் நின்று தாங்கும் இரண்டாம் முத்திரை.