கட்டுக்கடங்காத கைநடுக்கம்: மூளையில் மின்கம்பி வைக்கும் சிகிச்சை பற்றி நாம் அறிய வேண்டியவை

நெல் விதைப்பவருக்கும், மருதமுனைத் தறியில் அமர்பவருக்கும், கரையில் இருந்து வலை பொத்துபவருக்கும் கைதான் முதல். அந்தக் கை நடுங்கத் தொடங்கினால் தொழில் கெடுகின்றது. தேநீர்க் கோப்பையைப் பிறர் முன்னே தூக்க வெட்கப்பட்டு, கலியாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் போகாமல் ஒதுங்கி இருப்போரும் நம்மிடையே உண்டு. "வயது போனால் இப்படித்தான்" என்றும், "பயத்தில் வந்தது" என்றும் சொல்லி நாம் காலத்தைக் கடத்துகின்றோம். யுத்தத்தாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல்கோளாலும் இடம்பெயர்ந்த குடும்பங்களில் எல்லா நடுக்கத்தையும் பயத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றோம்.

இன்னொரு புறத்தில், மூளைக்குள் மின்கம்பி வைத்து நடுக்கத்தை நிறுத்துகின்றார்களாம், காணியை விற்றாவது இந்தியாவுக்குப் போகலாமா என்று கேட்போர் உண்டு. அப்படியொரு சிகிச்சை இருப்பது உண்மையே. ஆனால் அது யாருக்குப் பயன்படும், எவ்வளவு பயன்படும் என்பதை அறியாமல் காணி உறுதியைக் கையில் எடுக்கக் கூடாது. அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

எல்லா நடுக்கமும் ஒன்றல்ல

நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் கை நடுங்கும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி குறைந்தால் உடல் நடுங்கி வியர்க்கும். தொய்வுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியனவும் நடுக்கத்தைத் தரலாம். பூச்சிநாசினி தெளித்தவருக்குக் கண்ணீர், எச்சில், வியர்வை பெருகித் தசைகள் துடித்தால் அது நஞ்சேறியதன் அறிகுறி. ஒரு பக்கக் கைகால் திடீரெனச் சோர்ந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

நீண்ட நாள் நீடிக்கும் நடுக்கங்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, வேலை செய்யும்போது வரும் நடுக்கம். கோப்பையைத் தூக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், கையெழுத்து வைக்கும்போதும் கை ஆடும். மடியில் வைத்தால் அடங்கும். சிலருக்குத் தலையும் குரலும் நடுங்கும். வாப்பாவுக்கோ மூத்தப்பாவுக்கோ இருந்து பிள்ளைகளுக்கும் வருவது வழக்கம்.

இரண்டாவது பாக்கின்சன் நோய். 1817இல் ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற ஆங்கில வைத்தியர் இதனை முதன்முதல் விரிவாக எழுதினார். இதில் கை சும்மா இருக்கும்போதே நடுங்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடை மெதுவாகும், கைகால் விறைக்கும், எழுத்து சிறுக்கும், நடக்கும்போது ஒரு கை வீசாது. மூளையில் டோப்பமைன் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிவதே இதற்குக் காரணம். பரகுவாட் என்ற களைநாசினியைக் கையாண்ட விவசாயிகளிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக வெளிநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இலங்கையில் அந்த நாசினி தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் எந்த நாசினியைத் தெளித்தாலும் கையுறையும் முகமூடியும் அணிவதை நாம் பழக்கமாக்க வேண்டும்.

முதலில் மாத்திரை

மின்கம்பிச் சிகிச்சை கடைசிப் படியே. பெரும்பாலானோருக்கு முதற் படியிலேயே ஆறுதல் கிடைக்கும். வேலை செய்யும்போது வரும் நடுக்கத்துக்குப் புரோப்பிரனலோல் என்ற மாத்திரை கொடுப்பார்கள். விலை குறைந்த, பழைய மருந்து இது. ஆனால் தொய்வு உள்ளவர் இதை எடுக்கக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர் அதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். பாக்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா முதன்மையான மருந்து. மூளைக்குச் சென்று டோப்பமைனாக மாறுவதால் அது குறையை நிரப்புகின்றது.

இந்த லெவோடோப்பா நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் உண்டு. 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதனை விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். இதைக் கேட்டு விதையை அரைத்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு மருந்து மிஞ்சிக் கேடாகும்.

மாத்திரையை நேரம் தவறாமல் எடுப்பது அவசியம். ஆகவே நோன்பு மாதத்துக்கு முன்பே வைத்தியரிடம் நேரத்தைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை எமது வாசகர் அறிவர். லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. இடம்பெயரும்போது கிளினிக் கொப்பி தொலைந்து, மருந்தின் பெயரும் தெரியாமல் போன குடும்பங்கள் பல. மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

மின்கம்பி எப்படி வந்தது?

மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குசெய்யும் நரம்புத் திரள்கள் உண்டு. மதகை அளவோடு திறந்தால் வாய்க்காலில் நீர் சீராக வரும். அதனை ஒருவர் திறப்பதும் மூடுவதுமாக நின்றால் நீர் விட்டுவிட்டு அடித்து வரும். நடுக்கத்தில் நடப்பதும் இது போன்றதே. தவறான தாளத்தில் கட்டளை வருவதால் கை ஆடுகின்றது.

அந்தத் திரளின் ஒரு சிறு இடத்தைச் சூடாக்கி அழித்தால் நடுக்கம் நிற்கும் என்பதை முன்பே வைத்தியர்கள் கண்டிருந்தனர். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டொக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் தொடக்கிய மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவிலும் இவ்வகைச் சிகிச்சை நடந்தது. அங்கு பணியாற்றியவர் டொக்டர் டி.எஸ். கனகா. ஆசியாவின் முதற் பெண் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் எனப் போற்றப்படும் அவர், 1975இலேயே நோயாளியின் மூளையில் நீண்டகாலம் இருக்கக்கூடிய மின்கம்பியைப் பொருத்தினார். 2018இல் அவர் காலமானார்.

1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பேராசிரியர் அலிம் லூயி பெனாபிட், எந்த இடத்தை அழிப்பதென்று மின்னோட்டத்தால் சோதித்துப் பார்த்தார். வினாடிக்கு நூறு தடவை அளவில் வேகமாக மின்துடிப்புக் கொடுத்தபோது நடுக்கம் நின்றது. அப்படியானால் அழிக்கத் தேவையில்லை, கம்பியை அங்கேயே விட்டுவிடலாம் என்ற வழி பிறந்தது. அழித்ததை மீளப் பெற முடியாது. மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். 1997இல் அமெரிக்க அரசு நடுக்கத்துக்கு இச்சிகிச்சையை அனுமதித்தது. இன்று மும்பை ஜஸ்லோக், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் முதலிய இந்திய வைத்தியசாலைகளிலும் இது நடைபெறுகின்றது.

என்ன செய்கின்றார்கள்?

தலையில் ஓர் உலோகச் சட்டம் பொருத்தி, ஸ்கான் படங்களின் உதவியால் இடத்தை அளந்துகொள்கின்றனர். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை உள்ளே செலுத்துகின்றனர். பல வைத்தியசாலைகளில் தலைத்தோலை மட்டும் விறைக்கச் செய்து, நோயாளியை விழித்திருக்க வைப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது. கையை நீட்டச் சொல்லி நடுக்கம் அடங்குகின்றதா என்று அங்கேயே பார்ப்பதற்காகவே அப்படிச் செய்கின்றார்கள். பின்னர் மயக்கமருந்து கொடுத்து, காறை எலும்பின் கீழ் தோலுக்கடியில் ஒரு சிறு பற்றரிக் கருவியைப் பதித்து, கழுத்துத் தோலின் கீழாகக் கம்பியை இணைக்கின்றனர். கருவி வினாடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள் அனுப்பும். பின்னர் பல தடவைகள் சென்று, நோயாளிக்கு ஏற்ற அளவைத் திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் பலருக்குப் பெருமளவு குறைகின்றது. கோப்பையைப் பிடிக்கவும், தானே சோறு அள்ளி உண்ணவும் முடிகின்றது. ஆனால் நோய் மாறுவதில்லை. பாக்கின்சன் நோய் தன் பாட்டில் வளரும். தடுமாறி விழுதல், மறதி, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. நடுக்கம் தவிர்ந்த மற்ற அறிகுறிகளில், லெவோடோப்பாவுக்குச் சிறிதும் இணங்காதவை பொதுவாக இதற்கும் இணங்கா. மறதி நோய் முற்றியவருக்கு இது செய்யப்படுவதில்லை.

ஆபத்தும் உண்டு. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். சிலருக்குக் கருவி வைத்த இடத்தில் கிருமி தொற்றும். சிலருக்குப் பேச்சுக் குழறும். கருவி வைத்தவர் அதற்கான அட்டையை எப்போதும் வைத்திருக்க வேண்டும். விமான நிலையச் சோதனை வாயிலிலும், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முன்பும் அதைக் காட்ட வேண்டும். மின்னலையால் உடலை ஆழமாகச் சூடேற்றும் சிகிச்சை அவருக்கு அறவே கூடாது.

காணியை விற்க முன் கேட்க வேண்டியவை

கருவியின் விலை மட்டுமே பல இலட்சம் இந்திய ரூபாய். அத்துடன் செலவு முடிவதில்லை. சாதாரண பற்றரி 3 முதல் 5 ஆண்டுகளில் தீரும். அதனை மாற்ற மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டும். மின்னேற்றும் வகை 10 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும், விலையும் கூடும். நஷ்டஈட்டுப் பணமும் மீட்ட காணியும் ஒரு குடும்பத்தின் கடைசி முதல். ஆகவே முதலில் நரம்பியல் நிபுணரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இது எந்த வகை நடுக்கம்? தைரொயிட், சீனி, எடுக்கும் மருந்துகள் ஆகியன சோதிக்கப்பட்டனவா?

2. மாத்திரைகள் போதிய அளவில், போதிய காலம் கொடுத்துப் பார்க்கப்பட்டனவா?

3. இந்த நோயாளியின் எந்தக் கஷ்டம் இதனால் குறையும்? எது குறையாது?

4. அளவைத் திருத்தவும் பற்றரி மாற்றவும் எங்கே, எத்தனை தடவை போக வேண்டும்? இலங்கையிலேயே அதைப் பார்ப்பவர் உண்டா?

5. இவ்வளவு செலவும் பயணமும் இல்லாத வேறு வழி உண்டா?

நிபுணரிடம் போகும் பாதை நம் ஊரிலேயே தொடங்குகின்றது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கிளினிக்குக்குச் சென்று, நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேட்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது எடுக்கும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் கொண்டு செல்லுங்கள். நடுக்கம் எப்போது கூடுகின்றது என்பதை வீட்டில் இருப்பவர் கவனித்துச் சொன்னால் வைத்தியருக்குப் பேருதவி.

இதற்கிடையில் வீட்டிலும் செய்யக்கூடியன உண்டு. கோப்பையை அரைவாசி மட்டும் நிரப்பிக் கொடுக்கலாம். பாரமான கரண்டியும் மூடியுள்ள குவளையும் உதவும். தேநீரையும் கோப்பியையும் குறைக்கலாம். கையெழுத்து மாறிப்போனால் வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே தெரிவித்துக் கைநாட்டுக்கு ஒழுங்கு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுங்கும் கையைப் பார்த்துச் சிரிக்காதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். காணியைக் கையில் வைத்துக்கொண்டே கிளினிக் வரிசையில் முதலில் நிற்போம். மின்கம்பியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.