உள் பேடைப் பார்த்தீங்களா பாஸ்?

சேறு, மேடு, பள்ளம்னு பார்க்காம ஓடுற வண்டியை மாணவர்களே செய்து ஓட்டுறதுதான் 'பாஹா' போட்டி. இந்தியாவில் 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஆரம்பிச்சது. பிரேக் டெஸ்ட்ல நாலு வீலும் ஒண்ணா லாக் ஆகலைன்னா ரேஸ் கனவு அவ்ளோதான்!

பாஸ் ஆனதும் நாம பிரேக்கை மறந்துடறோம். பிரேக்ஸ் இந்தியா இருக்கிற பாடிக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இது நியாயமா மக்களே?

ஆவடி, பூந்தமல்லி பக்கம் மழை விட்டதும் காலேஜ் கிரவுண்டுல ஓட்டிப் பாருங்க. டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவுல சேறு புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். வீல் இடுக்குல எட்டிப் பார்த்து 'ஓகே மச்சி' சொன்னா போதாது. அங்கே தெரியறது வெளிப் பேடு மட்டும்தான். ஃப்ளோட்டிங் காலிப்பரோட ஸ்லைடு பின் சேறு பிடிச்சு இறுகிட்டா, உள் பேடுதான் வேகமாத் தேயும்.

அதனால வீலைக் கழட்டி ரெண்டு பேடையும் அளங்க. பின்னாடி இருக்கிற இரும்புத் தகட்டைக் கணக்குல சேர்க்காதீங்க. கார் பேடுன்னா 3 மி.மீ. வந்ததுமே மாத்திடறது நல்லது. பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தா, பேடை அளக்காம ஊத்தாதீங்க. பேடு தேய்ஞ்சாலும் ஆயில் இறங்கும். 'கர்ர்'னு இரும்பு உரசுற சத்தம் வர்ற வரைக்கும் காத்திருந்தா டிஸ்க்குக்கும் சேர்த்து தண்டம் அழணும்.

ஒண்ணு 6, இன்னொண்ணு 2-ன்னு அளவு வருதா? புதுப் பேடு போட்டு மூடிடாதீங்க. முதல்ல அந்தப் பின்னைக் கழட்டித் துடைச்சு, பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்க.