பத்துக் காசு அபராதம்

எங்கள் ஊர் நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் நாள்தோறும் காலையில் கூடுவது வழக்கம். காஸா போர் தொடங்கியபின் அந்த மேசையில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டனர். ஒருவர் '2023 அக்டோபர் 7-ஐ மறந்துவிட்டீர்களா?' என்று கேட்டார். மற்றவர் '1948-ஐ மறந்துவிட்டீர்களா?' என்று திருப்பிக் கேட்டார். இருவருமே படித்தவர்கள், இருவரும் சொன்ன செய்திகளும் உண்மையே. ஆனாலும் விவாதம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

முதலில் தொடங்கியது யார் என்ற கேள்வியை அரபு-இஸ்ரேல் மோதலில் கேட்கத் தொடங்கினால், விடை ஆண்டுக் கணக்கில் பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகத் தோன்றுகிறது. ஓர் அரசு தவறாகக் கொன்றால், அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு இஸ்ரேலின் நீதிமன்றமே ஒருமுறை ஒரு தொகையை விடையாகச் சொல்லியிருக்கிறது.

1956 அக்டோபர் 29. எகிப்தின் சினாய் தீபகற்பத்தை நோக்கி இஸ்ரேலியப் படை புறப்பட்ட நாள். அன்று ஜோர்டான் எல்லையை ஒட்டிய அரபுக் கிராமங்களில் ஊரடங்கு நேரம் திடீரென மாலை 5 மணிக்கு மாற்றப்பட்டது. அவற்றில் ஒன்று கஃப்ர் காசிம். அங்கு வாழ்ந்தவர்கள் இஸ்ரேலின் குடிமக்கள்தாம். ஆயினும் 1948 முதல் 1966 வரை அவர்கள் ராணுவ நிர்வாகத்தின்கீழ் வைக்கப்பட்டிருந்தனர். ஊர்த் தலைவருக்குச் செய்தி கிடைத்தது ஊரடங்கு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்புதான். வயல்களுக்கும் வேலைத் தலங்களுக்கும் சென்ற சுமார் 400 பேருக்கு எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். திரும்பி வருவோரை விட்டுவிடுவோம் என்று அவருக்கு உறுதி கூறப்பட்டது. மாலையில் மிதிவண்டியிலும் வண்டிகளிலும் வீடு திரும்பியவர்களை எல்லைக் காவல் படையினர் வரிசையாக நிறுத்திச் சுட்டனர். மொத்தம் 49 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர்.

முதல் சில வாரங்கள் செய்தி தணிக்கை செய்யப்பட்டது. நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களான தவ்ஃபீக் தூபி, மெயிர் வில்னர் ஆகியோரின் முயற்சியால்தான் உண்மை வெளிவந்தது. ஒருவர் அரபியர், மற்றவர் யூதர். பின்னர் 11 பேர்மீது வழக்கு நடந்தது. 1958-இல் 8 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. படைப்பிரிவுத் தலைவர் மேஜர் மலிங்கிக்கு 17 ஆண்டுகளும், கிராமத்தில் நேரடியாக ஆணையிட்ட லெப்டினன்ட் தஹானுக்கு 15 ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டன.

அத்தீர்ப்பில் நீதிபதி பெஞ்சமின் ஹலேவி வகுத்த கோட்பாடு இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. வெளிப்படையாகச் சட்டவிரோதமான ஆணையின்மேல் எச்சரிக்கைக் கறுப்புக் கொடி பறப்பதைப் போன்ற அடையாளம் இருக்கும். அத்தகைய ஆணைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதே படைவீரனின் கடமை என்பது அதன் சாரம். 'மேலிடத்து உத்தரவு' என்ற வாதம் குற்றத்தைக் கழுவாது.

கோட்பாடு உயர்ந்தது. அதன் பிறகு நடந்தது வேறு. தண்டனைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டுக்குள் அனைவரும் விடுதலையாயினர். மலிங்கிக்கு மேலதிகாரியாக இருந்து ஊரடங்கு ஆணையை வழங்கிய கர்னல் இசாகர் ஷத்மி தனியாக விசாரிக்கப்பட்டார். கொலைக் குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஊரடங்கு நேரத்தை மாற்றியதில் அதிகாரம் மீறினார் என்பது மட்டுமே நிரூபணமானது. அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 10 புரூட்டா. அன்றைய இஸ்ரேலியப் பவுண்டில் நூறில் ஒரு பங்கு. நம் வழக்கில் சொல்வதானால், செல்லாக் காசு. 'ஷத்மியின் காசு' என்பது எபிரேய மொழியில் ஒரு சொல்வழக்காகவே நிலைத்துவிட்டது.

இங்கேதான் பொருளாதாரம் உள்ளே வருகிறது. குற்றமும் தண்டனையும் பற்றி அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் குற்றம் செய்யத் துணிவாரா என்பது தண்டனையின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று; பிடிபடும் வாய்ப்பையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே குற்றத்தின் எதிர்பார்க்கப்படும் விலை. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் பெருக்குத் தொகையும் பூஜ்யமே. பல ஆண்டுகள் இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அப்போது நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. திருடனால் இந்த இரு எண்களையும் மாற்ற இயலாது, அரசால் இயலும். விசாரிப்பதும், வழக்குத் தொடுப்பதும், மன்னிப்பதும் அதன் கைகளில்தான் உள்ளன. ஆகவே அரசு வன்முறையின் விலையை அந்த அரசே நிர்ணயிக்கிறது.

அந்த விலையை உயர்த்தக்கூடிய வாயில்கள் நான்கு. குற்றவியல் நீதிமன்றம், விசாரணை ஆணையம், இழப்பீட்டு வழக்கு, பன்னாட்டு நீதிமன்றம். ஒவ்வொன்றும் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வாயிலைக் கஃப்ர் காசிமில் பார்த்தோம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்பும் அதன் அகலம் பெரிதாக மாறவில்லை. 2016 மார்ச்சில் ஹெப்ரானில், கத்தியால் தாக்கியபின் காயமுற்றுத் தரையில் கிடந்த பாலஸ்தீனர் ஒருவரை எலோர் அசாரியா என்ற படைவீரர் தலையில் சுட்டார். காட்சி ஒளிப்படக் கருவியில் பதிவாகியிருந்ததால் மறுக்க வழியில்லை. ராணுவ நீதிமன்றம் துணிவோடு அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. விதித்த தண்டனை 18 மாதங்கள். பின்னர் அது 14 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தது 9 மாதங்கள்.

இரண்டாவது வாயில் விசாரணை ஆணையம். 1982 செப்டம்பரில், இஸ்ரேலியப் படை சூழ்ந்திருந்த மேற்கு பெய்ரூட்டில், சப்ரா, ஷட்டிலா அகதிகள் பகுதிகளுக்குள் லெபனானின் ஃபலாஞ்சிஸ்ட் ஆயுதக் குழுவினர் புகுந்து பொதுமக்களைக் கொன்றனர். இறந்தோர் 700 முதல் 800 வரை என்று இஸ்ரேலிய உளவுத் துறை மதிப்பிட்டது; 3,500 வரை என்போரும் உண்டு. டெல் அவிவ் நகரில் மக்கள் பெருந்திரளாகக் கூடி விசாரணை கோரினர். உச்ச நீதிமன்றத் தலைவர் இட்சாக் கஹான் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. நேரடிப் பொறுப்பு ஃபலாஞ்சிஸ்ட்டுகளுடையது, இஸ்ரேலுக்கு மறைமுகப் பொறுப்பு உண்டு, பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று 1983 பிப்ரவரியில் அது அறிக்கை தந்தது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே தன் பாதுகாப்பு அமைச்சரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டும் ஆணையத்தை அமைத்த நாடுகள் உலகில் மிகச் சிலவே. இதை ஒப்புக்கொள்ளாமல் இஸ்ரேலை விமர்சிப்பது நேர்மையன்று. ஆனால் முடிவு என்ன? ஷரோன் பாதுகாப்புத் துறையை இழந்தார், இலாகா இல்லாத அமைச்சராக அமைச்சரவையில் தொடர்ந்தார், 2001-இல் பிரதமரானார். ஆணையங்கள் உண்மையைப் பதிவு செய்கின்றன. தண்டிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

மூன்றாவது வாயில் பலரும் பேசாதது. பொருளாதார மாணவனான எனக்கு மிக முக்கியமானது. ஒரு தொழிற்சாலை ஆற்றில் கழிவைக் கொட்டினால், அதன் இழப்பைத் தொழிற்சாலையே ஏற்க வேண்டும் என்கிறோம். அப்போதுதான் அது கழிவைக் குறைக்கும். அரசின் படை தவறாகச் சுட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதே தருக்கம்தான். போர் நடவடிக்கைகளால் நேரும் இழப்புக்கு அரசு பொறுப்பாகாது என்பது இஸ்ரேலின் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள விலக்கு. காலப்போக்கில் 'போர் நடவடிக்கை' என்பதன் வரையறை விரிக்கப்பட்டது. 2005-இல் கொண்டுவரப்பட்ட பரந்த விலக்கு ஒன்றை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-இல் செல்லாதென அறிவித்தது. ஆனால் எதிரிப் பிரதேசம் என அரசு அறிவிக்கும் பகுதியில் வாழ்வோர் வழக்குத் தொடுக்க இயலாது என்ற 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தை அதே நீதிமன்றம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. காஸா அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி. அதாவது, அங்கே ஒரு சிறுவன் தவறாகச் சுடப்பட்டாலும் அந்தச் செலவு இஸ்ரேல் அரசின் கணக்கில் ஏறாது; அது குடும்பத்தின் கணக்கில் மட்டுமே எழுதப்படும்.

நான்காவது வாயில் தி ஹேக் நகரில் இருக்கிறது. அங்குள்ள இரு நீதிமன்றங்களைச் செய்திகள் அடிக்கடிக் குழப்புகின்றன. சர்வதேச நீதிமன்றம் நாடுகளை விசாரிப்பது. தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கு அங்கே நடக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிப்பது. 2024 நவம்பர் 21 அன்று அது இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கேலன்ட், ஹமாஸ் ராணுவத் தலைவர் முகமது தெய்ஃப் ஆகியோருக்குப் பிடியாணை பிறப்பித்தது. பிடியாணை தீர்ப்பன்று, குற்றச்சாட்டு இன்னும் நிரூபிக்கப்படவில்லை. தெய்ஃப் கொல்லப்பட்டது உறுதியானதால் அவர்மீதான நடவடிக்கை பின்னர் முடிக்கப்பட்டது.

இந்நீதிமன்றத்தின் அடிப்படை விதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாடு தன் குற்றங்களைத் தானே மெய்யாக விசாரித்தால், அது தலையிடாது. ஆகவே 'எங்களிடம் சுதந்திரமான நீதிமன்றங்கள் உண்டு' என்ற இஸ்ரேலின் வாதத்துக்கு விடை இஸ்ரேலின் கையில்தான் உள்ளது. அதே நேரம் இந்த வாயிலும் குறுகியதே. நீதிமன்றத்துக்கெனக் காவல் படை இல்லை. 120-க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள் ஒத்துழைத்தால்தான் பிடியாணை நிறைவேறும். உறுப்பு நாடான ஹங்கேரி 2025 ஏப்ரலில் நெதன்யாகுவை வரவேற்றது. நீதிமன்றத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. அமெரிக்காவோ நீதிமன்ற வழக்குரைஞர்மீதே தடை விதித்தது.

'இஸ்ரேலை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?' என்று நூலக நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1982 பிப்ரவரியில் சிரியாவின் ஹாமா நகரில் ஹாபிஸ் அல் அசாத்தின் படை தன் மக்களையே கொன்றது. மதிப்பீடுகள் 10,000 முதல் 40,000 வரை. அவர் ஆட்சியில் ஓர் ஆணையமும் அமையவில்லை. சப்ரா, ஷட்டிலாவில் நேரடியாகக் கொன்றவர்களை லெபனான் தண்டிக்கவில்லை; 1991-ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டம் உள்நாட்டுப் போர்க் குற்றங்களின் கணக்கையே மூடிவிட்டது. 2023 அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணையாகக் கொண்டுசென்ற ஹமாஸ், தன் உறுப்பினர் எவரையும் அதற்காக விசாரித்ததில்லை. காஸாவில் இறந்தோர் எண்ணிக்கை 67,000-ஐக் கடந்ததாக 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தின்போது அப்பகுதியின் சுகாதாரத் துறை கூறியது.

இவற்றைக் குறிப்பிடுவது ஒரு குற்றத்தால் மற்றொன்றை நேர்செய்வதற்காக அன்று. பேரேட்டில் பற்றும் வரவும் ஒன்றையொன்று கழிக்கும், பிணங்கள் கழிக்கா. ஹாமாவில் இறந்த சிறுவன் கஃப்ர் காசிமில் இறந்த சிறுவனுக்கு ஈடாக மாட்டான். தன்னை மக்களாட்சி என்று அழைத்துக்கொள்ளும் அரசிடம் கூடுதலாகக் கேட்பதும் ஓரவஞ்சனை அன்று. அந்தப் பெயரை அது தானே விரும்பிச் சூடிக்கொண்டது. அதே அளவுகோலை மற்றவர்களிடமும் நீட்டத் தயங்குபவர் மட்டுமே ஓரவஞ்சனைக்காரர். என் மற்றொரு நண்பருக்கு நான் சொன்னது இதுதான். அவருக்கும் அது பிடிக்கவில்லை.

கஃப்ர் காசிம் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. ஊரடங்கு ஆணை அந்த ஒரு கிராமத்துக்கு மட்டும் வழங்கப்பட்டதன்று. அருகிலிருந்த வேறு கிராமங்களிலும் அதே மாலை, அதே ஆணை நடைமுறையில் இருந்தது. அங்கிருந்த அதிகாரிகள் சிலர் வீடு திரும்பியவர்களைச் சுடாமல் உள்ளே அனுப்பினர். அவர்களுக்குச் சட்ட நூல்கள் தேவைப்படவில்லை. ஆணை ஒன்றே, மனிதர்கள் வேறு. எனவே, 'போரில் இதெல்லாம் தவிர்க்க முடியாதது' என்ற வாதம் அன்றே பொய்யாகிவிட்டது.

2007-இல் இஸ்ரேலியக் குடியரசுத் தலைவர் ஷிமோன் பெரஸ் கஃப்ர் காசிம் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 2014-இல் குடியரசுத் தலைவர் ரூவன் ரிவ்லின் நினைவு நிகழ்வுக்கே நேரில் சென்றார். வழக்கின் மறைக்கப்பட்ட ஆவணங்கள் 2022-இல்தான் வெளியிடப்பட்டன. சம்பவம் நடந்து 66 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் ஷத்மி இறந்துவிட்டார்.

காஸாவின் ஆவணங்களுக்காக இன்னும் 66 ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா என்பதே இன்றைய கேள்வி. யார் தொடங்கினார்கள் என்று நூலக மேசையில் நாம் தொடர்ந்து வாதிடலாம். ஆனால், கொன்றவர் எப்பக்கத்தவராயினும் பதில் சொல்ல வேண்டும் என்பதில் இருவரும் உடன்பட்டால், அந்த மேசையில் மீண்டும் பேச்சு தொடங்க வழி உண்டு. அந்த உடன்பாடு இல்லாத இடத்தில் மனித உயிரின் விலை பத்துக் காசாகவே இருக்கும்.