மாடிக்கு ஒரு காற்றாலையா?

"மொட்டை மாடியில் சிறு காற்றாலை வைக்கலாமா? ஒரு கிலோவாட் என்கிறார் வியாபாரி!" என்று தாம்பரம் தோழர்கள் நம்மைக் கேட்கின்றனர்.

வைக்கலாம். காற்று எங்கே? அந்த ஒரு கிலோவாட், பொதுவாக நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் கிடைப்பது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, தோழர்களே. எட்டில் ஒரு பங்காகிவிடும்! அடுக்குமாடிகளில் மோதிச் சிதறி வரும் காற்றோ அதற்கும் உதவாது.

மத்திய அரசின் காற்றாற்றல் நிறுவனம் நம் பள்ளிக்கரணையிலேதான் இருக்கிறது. ஆனால் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்க அவர்கள் நிலையம் அமைத்த இடம் எது? தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு!

போனஸ் பணம் நமது வியர்வை. கூரைமேல் சூரியத் தகடு பதிக்க மத்திய அரசு 2024இல் அறிவித்த மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதை முதலில் விசாரியுங்கள். அப்புறமும் காற்றாலைதான் என்றால், நொடிக்கு 4 மீட்டர் காற்றில் அது எவ்வளவு தரும் என்று வியாபாரியிடம் கேளுங்கள். வாய் திறக்கிறாரா, பார்ப்போம்!