பெயர் நம்முடையது, பதிவு யாருடையது?

கண்டுபிடித்தவருக்கும் கைவேலை செய்தவருக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் விண்ணப்பித்துக் கேட்டவருக்கே அது முழுமையாகக் கிடைக்கிறது. எந்த அலுவலகத்தை, எந்தத் தேதிக்குள் அணுகுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இத்தாலியின் மிலான் நகரில் 2025 ஜூனில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில், இளைஞர்கள் புதிய தோல் செருப்புகளை அணிந்து நடந்தார்கள். நிறுவனம் அவற்றை வெறுமனே 'தோல் செருப்பு' என்றுதான் குறிப்பிட்டது. படங்களைப் பார்த்த மகாராஷ்டிரக்காரர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கட்டைவிரலுக்கு வளையம், குறுக்கே பட்டை, தட்டையான அடிப்பாகம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஊரில் தைக்கப்படும் கோலாப்பூரி செருப்பேதான். கண்டனம் கிளம்பியது. சில நாட்களில், இந்தியக் கைவினை மரபைப் பார்த்து உருவாக்கியதுதான் என்று பிராடா ஒப்புக்கொண்டது.

இத்தனைக்கும் கோலாப்பூரி செருப்பு, உரிமை கோரப்படாமல் கிடந்த பொருள் அல்ல. 2018-19லேயே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களில் செய்யப்படும் செருப்புக்கே அந்தப் பெயர் உரியது. அப்படியிருந்தும் பிராடாவை ஏன் தடுக்க முடியவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான், இந்தியாவில் அறிவுசார் சொத்துரிமையைப் பதிவு செய்ய நினைக்கும் ஒவ்வொருவருக்கும் தேவையான பாடம் இருக்கிறது.

புவிசார் குறியீடு முக்கியமாகக் காப்பது பெயரை. பிராடா அந்தப் பெயரைத் தொடவே இல்லை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அடுத்து, இந்தியப் பதிவு இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும், மிலானில் செல்லாது. மூன்றாவதாக, சில வக்கீல்கள் போட்ட பொதுநல வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர்கள் அவர்கள் அல்லர் என்பதே காரணம். பதிவேட்டில் உரிமையாளர்களாக இருப்பவை மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்கள். 2025 டிசம்பரில் பிராடா ஒப்பந்தம் போட வந்ததும் அந்த இரண்டு கழகங்களிடம்தான். பதிவு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் யாரிடம் வந்து பேச வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பதிவுதான்.

பத்து ரூபாய் உரிமை

புவிசார் குறியீடுகளுக்கான சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னையில் இருக்கிறது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலைக்கு. இன்று பட்டியல் அறுநூறைத் தாண்டிவிட்டது.

இந்தக் குறியீட்டைத் தனி மனிதர் தமக்கென்று வாங்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அரசு அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய பிறகு அதை வேறொருவருக்கு விற்கவும் முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான். சங்கத்தின் பெயரில் பதிவாகிவிட்டால், ஊரில் உள்ள ஒவ்வொரு நெசவாளிக்கும் செருப்புத் தொழிலாளிக்கும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியே பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்தவர் போலிச் சரக்கு விற்பவர் மீது தாமே வழக்குப் போடலாம். சங்கம் விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போலி என்று நிரூபணமானால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். பயனாளராகச் சேர முன்பு கட்டணம் ரூ. 500. 2020-ல் அது ரூ. 10 ஆகக் குறைக்கப்பட்டது. பத்து ரூபாய் செலவழித்தால் போதும், பெயர் பதிவேட்டில் ஏறும்.

கடைப் பெயருக்குக் காவல்

தனி வியாபாரி முதலில் காக்க வேண்டியது தன் சரக்கின் பெயரை. அதற்கு இருப்பது டிரேட் மார்க் எனப்படும் வணிகச் சின்னம். தலைமைப் பதிவகம் மும்பையில். சென்னை, டில்லி, கொல்கத்தா, ஆமதாபாத்தில் கிளைகள். இணையத்தில் விண்ணப்பித்தால் தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, மற்றவர்களுக்கு ரூ. 9,000.

இந்த 'வகுப்பு' என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு. ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. பொடிக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு அதே பெயரில் ஊறுகாய் விற்பவருக்கு, ஊறுகாயில் அந்தப் பதிவின் காவல் நேரடியாகக் கிடைக்காது. விண்ணப்பிக்கும் முன் அதே போன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

விண்ணப்பம் போட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது அடுத்த தவறு. பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். ஏற்றுக்கொள்ளப்பட்ட சின்னம் அரசின் சஞ்சிகையில் வெளியானபின் நான்கு மாதங்களுக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் பதில் மனு. இத்தனையும் தாண்டினால் பத்தாண்டுப் பதிவு. பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். பதிவாவதற்கு முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி அபராதத்துக்குரிய தவறு. அதுவரை 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம்.

பதிவு மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. திருநெல்வேலி 'இருட்டுக்கடை அல்வா' பெயர் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. 2015-ல் வந்த தீர்ப்பு, முதலில் யார் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஆகவே பழைய பில் புத்தகம், விளம்பர நோட்டீஸ், முதல் வருடக் கணக்கு ஆகியவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அவைதான் நாளைக்குச் சாட்சி.

ஐம்பத்தொன்றாவது பிரதி

வடிவத்தைக் காப்பது டிசைன் பதிவு. ஒரு புதிய பாத்திரத்தின் உருவம், துணியில் ஒரு புதிய பூவேலை, நாற்காலியின் வளைவு எல்லாம் இதில் வரும். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் கட்டணம் ரூ. 1,000. பத்தாண்டு உரிமை, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். கோலாப்பூரி போன்ற பழைய வடிவங்களை இனி யாரும் பதிவு செய்ய முடியாது. புதியதாக இருப்பது கட்டாயம்.

'நான் வரைந்தது, பதிப்புரிமை எனக்குத்தானே' என்று சும்மா இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு பொறி வைத்திருக்கிறது. டிசைனாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் தயாரித்தால், அந்த வடிவத்தில் இருந்த பதிப்புரிமையும் போய்விடும். ஐம்பத்தொன்றாவது சேலையோடு உரிமை முடிந்தது. ஆகவே சந்தைக்கு விடுமுன் விண்ணப்பம் போக வேண்டும்.

கதை, பாட்டு, ஓவியம், புகைப்படம், மென்பொருள் ஆகியவற்றின் பதிப்புரிமை வேறு கதை. படைத்த கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது; பதிவு கட்டாயமில்லை. எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதன் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆனாலும் டில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்து வைத்தால், வழக்கு வரும்போது அதுவே முதல் ஆதாரமாகிறது. எழுதியதைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சட்டப்படி அது பதிவுக்கு ஈடாகாது. உரிமையை விற்கும்போதும் கவனம் தேவை. ஒப்பந்தத்தில் காலம் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். படைத்தவருக்குச் சாதகமான விதி இது. 'எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அதை இழக்கிறார்.

வாயை மூடு, மனுவைப் போடு

பேடன்ட் எனப்படும் காப்புரிமைதான் இவற்றில் கடினமானது. இந்தியா இதில் நீண்ட காலம் வேண்டுமென்றே கறாராக இருந்தது. 1970-ன் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, பொருளுக்குத் தரவில்லை. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்ததும், மருந்து விலை குறைந்ததும் அந்த நிழலில்தான். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆனாலும் பழைய மருந்தைச் சற்றே மாற்றி, பலன் கூடாமல் மீண்டும் உரிமை கேட்பதைத் தடுக்க 3(டி) என்ற பிரிவு வைக்கப்பட்டது. 2013-ல் நோவார்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து 'கிளிவெக்' உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்தப் பிரிவில்தான்.

பாரம்பரிய அறிவுக்கும் காப்புரிமை கிடையாது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்கா 1995-ல் காப்புரிமை கொடுத்தது. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வாதாடி, 1997-ல் ரத்து செய்ய வைத்தது. வென்று தந்தது பாட்டி வைத்தியத்தின் புகழ் அல்ல. பழைய நூல்களிலும் அச்சான மருத்துவக் கட்டுரையிலும் இருந்த எழுத்து ஆதாரம்.

உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு முதல் விதி மௌனம். விண்ணப்பிக்கும் முன் பத்திரிகையில் பேட்டி கொடுத்தாலோ, கடையில் விற்றாலோ 'புதியது' என்ற தகுதி போய்விடும். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் அவையில் படித்த கட்டுரை போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றுக்கும் 12 மாத கெடுதான்.

ஆய்வு முடியவில்லையென்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனி நபர், சிறு தொழில், ஸ்டார்ட்-அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ரூ. 1,600, மற்றவர்களுக்கு ரூ. 8,000. முழு விவரக் குறிப்பு 12 மாதத்துக்குள் போக வேண்டும். பிறகு 'பரிசோதியுங்கள்' என்று தனியே மனுப் போட வேண்டும். அதற்கு முதல் வகையினருக்கு ரூ. 4,000. இந்த மனு இல்லாமல் கோப்பு அசையாது. முன்பு இதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆட்சேப அறிக்கை வந்தால் ஆறு மாதத்தில் பதில். மூன்று மாதம் நீட்டிக்கலாம். பெண் விண்ணப்பதாரர்களும் சிறு தொழில்களும் ஸ்டார்ட்-அப்களும் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

கிடைத்த பிறகும் ஓய்வு இல்லை. உரிமை 20 ஆண்டுகள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. தனி நபருக்கு ஆரம்பத்தில் ரூ. 800, கடைசி ஆண்டுகளில் ரூ. 8,000. கட்டத் தவறினால் உரிமை காலாவதியாகும். 18 மாதத்துக்குள் உயிர்ப்பிக்கக் கேட்கலாம். அதற்கும் தக்க காரணம் காட்ட வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

வெளிநாட்டில் விற்கப் போகிறவர் அங்கும் பதிய வேண்டும். இந்தியாவில் போட்ட தேதியையே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். காப்புரிமைக்கு 12 மாதம், டிசைனுக்கும் வணிகச் சின்னத்துக்கும் ஆறு மாதம் கெடு. பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் சர்வதேச வசதி, காப்புரிமைக்கு 1998 முதலும் வணிகச் சின்னத்துக்கு 2013 முதலும் இந்தியர்களுக்கு இருக்கிறது. செலவு அதிகம்தான். எல்லா நாட்டிலும் பதிய வேண்டாம். சரக்கு போகும் நாட்டில் மட்டும் பதிந்தால் போதும்.

பெயருக்கு 4,500, வடிவத்துக்கு 1,000, கண்டுபிடிப்புக்கு 1,600, புவிசார் குறியீட்டுக்குப் பத்து. தொடங்குவதற்கு ஆகும் அரசுக் கட்டணம் இவ்வளவுதான். வக்கீல் கட்டணம் தனி. ஆனால் வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியா போன்ற நாட்டில் உரிமை பறிபோவது பெரும்பாலும் பணம் இல்லாததால் மட்டுமல்ல. சரக்கை முதலில் விற்றுவிட்டுப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தாலும், வந்த நோட்டீசுக்குப் பதில் போடாததாலும்தான். விண்ணப்ப எண்ணையும் அடுத்த கெடு தேதியையும் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் இன்றே குறித்துவைப்பவருக்குச் சட்டம் துணை நிற்கும்.