முன்னோருள் ஓர் ஓவியர்

குடும்ப வரலாறு தேடுவோர்க்கு ஏடுகளிற் பெரும்பாலும் எதிர்ப்படுபவர்கள் உழவர், வணிகர், போர்வீரர், எழுதுவினைஞர் முதலியோரே. பிறந்தார், மணந்தார், இறந்தார் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி அறிவதற்கு ஒன்றுமிராது. இத்தகைய தேடலின் நடுவே, ஐரோப்பிய நகரமொன்றின் பழைய பதிவேட்டில் தம் குடிப்பெயரையும் அதனருகே 'ஓவியர்' என்னும் சொல்லையும் ஒருவர் காண்பாராயின், அவர் உள்ளம் துள்ளுவது இயல்பு. ஆராய்ச்சி கெடத் தொடங்குவதும் அந்தக் கணத்திலேதான். 'எம் முன்னோராக இருக்கக்கூடும்' என்று தந்தை சொன்னது, மகன் வாயில் 'இருக்க வேண்டும்' என்றாகிப் பேரன் காலத்தில் 'இருந்தார்' என்று முடிந்துவிடும்.

முதலில் மயக்குவது தொழிற்சொல். ஒல்லாந்த மொழியில் 'ஸ்கில்டர்' என்னும் சொல் சித்திரம் தீட்டுபவரையும் குறிக்கும். கதவுக்கும் சுவருக்கும் வர்ணம் பூசுபவரையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் இதே நிலைதான். ஒல்லாந்த நகரங்களில் ஓவியர்கள் சேர்ந்திருந்த 'புனித லூக்கா' தொழிற்சங்கத்தின் ஏட்டில் பெயர் இருப்பதுகூட முடிந்த சான்றன்று. டெல்ப்ட் நகரில் அச்சங்கத்தினுள் கண்ணாடித் தொழிலாளரும், மட்பாண்டம் வனைவோரும், புத்தக வணிகரும் அடங்கியிருந்தனர். தமிழிலும் இத்தகைய மயக்கத்துக்கு இடமுண்டு. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வரும் 'வண்ணக்கன்' என்னும் சொல்லைக் கண்டு அவர்களை வண்ணம் தீட்டியோர் என்று கொள்வது தவறு. நாணயத்தின் தரத்தை நோட்டம் பார்ப்பவனுக்கே அப்பெயர். மட்டக்களப்புக் கோயில்களில் வண்ணக்கர் எனப்படுபவர் கோயில் நிருவாகப் பொறுப்புடையவர். அவருக்கும் தூரிகைக்கும் தொடர்பேதுமில்லை.

அடுத்தது பெயர் மயக்கம். றெம்பிராண்ட் என்னும் பேரோவியரின் முழுப்பெயர் றெம்பிராண்ட் ஹார்மன்சோன் வான் றைன் என்பது. இதில் நடுப்பகுதி 'ஹார்மனின் மகன்' என்று பொருள்படும். தந்தை பெயரைத் தன் பெயரோடு சேர்க்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. அவ்வாறு சேர்த்த பெயரைக் கொண்டு இருவரை ஒரே குடும்பத்தினர் என்று சொல்ல முடியாதென்பதும் தமிழர் அறிந்ததே. 'வான் றைன்' என்பதோ றைன் ஆற்றினடியைச் சேர்ந்தவர் என்னும் பொருளது. லெய்டன் நகரில் ஆற்றருகே மாவரைக்கும் ஆலை வைத்திருந்த குடும்பம் அது. அந்த நெடிய ஆற்றின் கரையில் வாழ்ந்த எவரும் அப்பெயரைச் சூடியிருக்கலாம். ஒரே பெயர் கலை அறிஞரையே ஏமாற்றியதுண்டு. டெல்ப்ட் நகர ஓவியர் யான் வெர்மீரை உலகுக்கு மீட்டுத் தந்த பிரெஞ்சு அறிஞர் தோறே, 1866இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை அவருடையவை என்று எழுதினார். அவற்றுட் பல வேறு ஓவியர்களின் படைப்புக்கள். ஹார்லம் நகரத்தில் அதே பெயருடன் வாழ்ந்தவரின் இயற்கைக் காட்சிகளும் அவற்றுட் கலந்திருந்தன. இன்று வெர்மீரின் கைவண்ணம் என்று ஏற்கப்படுபவை ஏறத்தாழ 35 மட்டுமே.

இனி, றெம்பிராண்டின் வழித்தோன்றல்களையே எடுத்துக்கொள்வோர் ஒரு விந்தையைக் காண்பர். அவருடைய மனைவி சஸ்கியா 1642இல் இறந்தார். பிள்ளைகளுள் வளர்ந்து ஆளானவர் தீத்துஸ் என்னும் மகன் ஒருவரே. அவர் 1668இல் மணம் புரிந்து அதே ஆண்டில் மாண்டார். அவர் இறந்தபின் 1669இல் பிறந்த தீத்தியா என்னும் பெண் 1715இல் பிள்ளையின்றி இறந்தார். சட்டப்படியான வழி அத்தோடு முடிந்தது. ஆகவே வான் றைன் என்னும் குடிப்பெயரை மட்டும் நம்பி, 'எங்கள் பாட்டனார் றெம்பிராண்ட்' என்போர் எத்தனை பேர் வந்தாலும் அவர்களுக்கு விடை இந்த இரண்டு வரிதான்.

ஆனால் மற்றொரு வழி இருந்தது. சஸ்கியாவின் மரணசாசனத்தின்படி றெம்பிராண்ட் மறுமணம் செய்தால் அவளுடைய சொத்தின் பயனை இழக்க நேரும். இதனாற்போலும், தம் இல்லத்தில் வாழ்ந்த ஹென்ட்றிக்கியே என்னும் பெண்ணை அவர் மணக்கவில்லை. 1654இல் அப்பெண் கருவுற்றிருந்தபோது திருச்சபை அவளை அழைத்து விசாரித்துக் கண்டித்தது. அவ்வாண்டே பிறந்த பெண் குழந்தைக்குக் கொர்னேலியா என்று பெயரிட்டனர். தந்தை இறந்த மறு ஆண்டு, 1670இல், கொர்னேலியா கொர்னேலிஸ் சூய்த்தோவ் என்னும் இளம் ஓவியரை மணந்தாள். மணமக்கள் கப்பலேறி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கீழைத் தலைநகராகிய பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குச் சென்றனர். அங்கே சூய்த்தோவ் சிறைக்காவற் பணி பார்த்து வயிறு வளர்க்க வேண்டியதாயிற்று. 1673இல் அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு றெம்பிராண்ட் என்றும், 1678இல் பிறந்தவனுக்கு ஹென்ட்றிக் என்றும் ஞானஸ்நானம் செய்வித்தனர். தாத்தாவின் பெயரும் பாட்டியின் பெயரும் வெப்பநாட்டுக் கடற்கரைக் கோயிலொன்றின் ஏட்டில் அவ்வாறு ஏறின.

இக்குடும்பத்தின் பேரப்பிள்ளையொருவர் தம் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் என்ன நேரும்? குடிப்பெயர் வான் றைன் அன்று, சூய்த்தோவ். தொழில் ஓவியம் என்று இராது, சிறைக்காவல் என்றிருக்கும். தொடர்பு மகன் வழி அன்று, மகள் வழி. அந்த மகளோ திருமணமின்றிப் பிறந்தவள். மானம் கருதும் குடும்பங்கள் வமிசாவளி எழுதும்போது முதலில் வெட்டிவிடும் கிளை எதுவோ, அந்தக் கிளையிலேதான் உலகம் போற்றும் ஓவியரின் இரத்தம் கீழைத் தேசத்துக்கு வந்தது.

இது இலங்கைக்குப் புறம்பான செய்தியன்று. இலங்கையின் கரையோரத்தை 1796 வரை ஆண்டது அதே கம்பனி. அதன் சேவகர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களின் வமிசாவளிகளைச் சேகரித்து, 1908இல் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் தொடர்ந்து வெளியிட்டது. பெரும் உழைப்பு அது. எனினும் உறுப்புரிமைக்குத் தந்தைவழியையே அச்சங்கம் கணக்கிற்கொண்டது. கம்பனிப் படைவீரர்க்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும், சில வேளைகளில் அடிமைப் பெண்களுக்கும், பிறந்த பிள்ளைகள் பலர். அவர்களையெல்லாம் தந்தைவழிக் கணக்கு மட்டும் காட்டிவிடாது. கொர்னேலியாவின் பிள்ளைகளை றெம்பிராண்டின் வமிசமாக அந்தக் கணக்கு ஏற்றிராது என்பதை நினைக்கும்போது, விடுபட்டவை எத்தகையவை என்பது விளங்கும்.

ஆகவே புகழ்பெற்ற ஒருவரிலிருந்து கீழே இறங்கி வருதல் ஆகாது. தேடுபவர் தம்மிலிருந்தே ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். தாய்வழியையும் விடலாகாது. ஒவ்வொரு படிக்கும் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு பதிவு கையில் இருத்தல் நன்று. ஒல்லாந்து தேசத்தில் அரசாங்கக் குடிப்பதிவு பரவலாக வந்தது 1811 முதலே. அதற்கு முந்திய காலத்துக்குக் கோயில் ஏடுகளே கதி. கம்பனியின் கப்பற் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரச் சுவடிக்கூடத்தில் உள்ளன. அவற்றில் ஆளின் பெயரும், ஊரும், பதவியும், ஏறிய கப்பலும் காணப்படும். எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியமையால் ஒரே பெயர் நாலு விதமாக இருப்பதும் உண்டு. கம்பனியில் சேர்ந்தோருட் பெருந்தொகையினர் ஜெர்மானியர் என்பதையும் மறத்தலாகாது. முன்னோரின் ஊர் ஒல்லாந்திலேயே இல்லாதிருக்கலாம். ஞானஸ்நானச் சாட்சிகளின் பெயர்கள் மிகவும் பயன் தருவன. மூன்று குழந்தைகளுக்கும் அதே மாமனும் அதே பெரியம்மாவும் சாட்சி நின்றிருப்பின், இரு குடும்பங்களுக்கும் உறவு உண்டென்று கொள்ள ஓரளவு இடமுண்டு.

ஒருவர் உண்மையில் ஓவியர்தாமா என்பதை அறியச் சிறந்த கருவி, அவர் இறந்தபின் எழுதப்பட்ட வீட்டுப்பொருட் பட்டியல். சுவரில் ஓவியம் தொங்கியது என்றால் அவர் அதை வாங்கியவராக இருக்கலாம். வெர்மீர் இறந்தபின் 1676இல் எழுதிய பட்டியலோ, இரண்டு ஓவியச் சட்டகத் தாங்கிகளையும், மூன்று வர்ணத் தட்டுக்களையும், தீட்டுதற்குரிய பத்துத் துணிகளையும் காட்டுகிறது. அத்தகைய பட்டியலில் ஐயத்துக்கு இடமில்லை.

ஓவியத்தை விட்டுக் கம்பனிச் சேவைக்கு வந்தவர் சூய்த்தோவ் மட்டுமல்லர். அம்ஸ்ரடாம் நகரில் 1631இல் பிறந்த எசாயாஸ் பூர்ஸ் என்னும் ஓவியர் 1661இல் கம்பனியிற் சேர்ந்து இலங்கைக்கு வந்தார். கொழும்பின் கட்டடங்களையும், தொழில் செய்வோரையும், அடிமைகளையும், பல இன மக்களையும் அவர் நேரிற் கண்டு வரைந்தார். தாயகம் மீண்ட பின் மறுபடியும் கம்பனிக் கப்பலேறி, 1672இல் கடலிலே இறந்தார். இலங்கையில் அவர் வரைந்த சித்திரங்களின் தொகுதி இன்று அம்ஸ்ரடாமின் றைக்ஸ் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. குடும்ப வரலாறு தேடும் இலங்கையர் அதனைப் பார்க்கும்போது வரைந்தவரை மட்டும் கருதுதல் போதாது. அவர் முன் நின்ற அந்த மனிதருட் சிலரின் வழியினரும் இந்நாட்டிலேயே வாழ்ந்துகொண்டிருத்தல் கூடும்.