எள்ளுத்தாத்தா வழியே வந்த துப்பு

1970களின் நடுவில் தொடங்கி 1986 வரை கலிஃபோர்னியாவில் ஒருவன் 13 பேரைக் கொன்றான். ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் சீரழித்தான். மாநிலத்தின் வடக்கே அவனுக்கு ஒரு பட்டப்பெயர், தெற்கே வேறொன்று. இருவரும் ஒரே ஆள்தான் என்று டி.என்.ஏ. சோதனை காட்டியது 2001இல். ஆள் யார் என்பது மட்டும் தெரியவில்லை. குற்றவாளிகளின் டி.என்.ஏ. பதிவேட்டில் அவன் இல்லவே இல்லை.

'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்ற பெயரைப் பரப்பியவர் எழுத்தாளர் மிஷெல் மெக்னமாரா. 2013இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வழக்கு மறுபடி பேச்சில் அடிபட்டது. இணையத் துப்பறிவாளர்கள் பழைய வரைபடங்களைத் தோண்டித் துருவினார்கள். 2016இல் மெக்னமாரா இறந்துபோக, அவருடைய புத்தகம் 2018 பிப்ரவரியில் வெளியானது. ஏப்ரலில் ஆள் பிடிபட்டான். புத்தகம்தான் காரணமா என்று கேட்டார்கள். வழக்கின் மீதான ஆர்வம் குறையாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றார் சாக்ரமெண்டோ ஷெரிஃப்.

உண்மையில் காட்டிக்கொடுத்தது வேறொரு கூட்டம். தங்கள் வம்சாவளியைத் தேடும் ஆசையில், ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் டி.என்.ஏ. விவரத்தைப் பதிவேற்றியவர்கள். கொலையாளியைப் பற்றி அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

காவல்துறைப் பதிவேடு டி.என்.ஏ.வில் 20 இடங்களை மட்டுமே ஒப்பிடும். ஆளை அடையாளம் காண அது போதும். தூரத்துச் சொந்தத்தைக் காண போதாது. வம்சாவளிச் சோதனையோ பல லட்சம் இடங்களைப் படிக்கிறது. ஒரே எள்ளுத்தாத்தா-எள்ளுப்பாட்டியின் வழி வந்த இருவருக்குச் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவான டி.என்.ஏ.தான் பொதுவாக இருக்கும். ஆனாலும் அது சிதறிக் கிடக்காமல் நீளமான துண்டுகளாக இருப்பதால் கணினியின் கண்ணில் பட்டுவிடும்.

பழைய தடயத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை இப்படி ஒப்பிட்டபோது சில தூரத்து உறவினர்கள் கிடைத்தார்கள். புலனாய்வாளர் பால் ஹோல்ஸின் குழுவும் வம்சாவளி வல்லுநர் பார்பரா ரே-வென்டரும் பொது மூதாதையரைத் தேடி மேலே ஏறி, பிறகு பிள்ளை, பேரன் என்று ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கினார்கள். வயதும் ஊரும் பொருந்தாதவர்களைக் கழித்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்களில் ஒருவன் ஜோசப் டிஏஞ்சலோ, வயது 72. முன்னாள் போலீஸ்காரன்! கடை வாசலில் நின்ற அவனுடைய காரின் கதவுப் பிடியைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள். அது போதாதென்று, வீட்டுக் குப்பைத்தொட்டியில் கிடந்த டிஷ்யூ காகிதத்தையும் சோதித்தார்கள். இரண்டும் பொருந்தின. 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான், ஆயுள் தண்டனை.

இதே வழியில் அடுத்தடுத்து எத்தனையோ பழைய வழக்குகள் துலங்கின. எதிர்ப்பும் கிளம்பவே, சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டுமே காவல்துறைக்குக் காட்டுவது என்று 2019இல் ஜெட்மேட்ச் விதியை மாற்றியது. நல்ல விதிதான், ஆனால் பாதிதான் காக்கும். டிஏஞ்சலோ எந்தத் தளத்திலும் பதிவேற்றவில்லை. அவனுடைய சொந்தக்காரர்கள் பதிவேற்றியதே போதுமாக இருந்தது. ஒருவர் தரும் சம்மதம் அவருடைய பங்காளிகள் அத்தனை பேரையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. அதை அந்தத் தளத்தின் விதிக்கு விட்டுவிட முடியாது. சட்டம்தான் வரம்பு போட வேண்டும். மேரிலாந்து மாநிலம் 2021இல் அப்படியொரு சட்டத்தை இயற்றியது.